இடதுபக்கக் கார்ப்பெட்டில் திரும்பத் திரும்ப வரும் கறை: சீட்டைக் கழற்றுவதா, மேலாகத் துடைப்பதா?

மடிப்பாக்கம்_வாசி:
போன மாதம் 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மெக்கானிக்கைக் கூட்டிப்போய் இன்ஜின், கிளட்ச், டயர் எல்லாம் பார்த்தாயிற்று. உள்பக்கத்தில்தான் கோட்டை விட்டேன். விற்றவர் புது மேட் போட்டு, டேஷ்போர்டுக்குப் பளபளவென்று பாலிஷ் அடித்து, எலுமிச்சை வாசனைப் புட்டி ஒன்றையும் தொங்கவிட்டிருந்தார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மேட்டைத் தூக்கினால் முன் இடதுபக்கம் கால் வைக்கும் இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. பின் சீட்டில் சாம்பாரோ குருமாவோ கொட்டிய மஞ்சள். டிரைவர் தலைக்கு மேலே டாப் லைனிங்கில் எண்ணெய்ப் பிசுக்கு. கார்ப்பெட்டை ஷாம்பு போட்டு இரண்டு தடவை தேய்த்துவிட்டேன். தேய்த்ததும் சுத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டே நாளில் அதே இடத்தில், அதே வடிவத்தில் கறை மறுபடி எழுகிறது. ஏசி போட்டால் நனைந்த சாக்கு வாடை. சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டை வெளியே எடுக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பட்டறைப்_பையன்:
போகத்தான் வேண்டும் அண்ணா. நீங்கள் கண்ணால் பார்க்கிற கார்ப்பெட் மேல்தோல்தான். அதன் அடியில் சத்தத்தைக் குறைக்க ஃபெல்ட் என்று தடியாக ஒரு பஞ்சுப் படுகை இருக்கிறது. அழுக்கும் ஈரமும் அங்கேதான் குடியிருக்கும். மேலே காயக் காய, அகல் விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுகிற மாதிரி மேல்துணி அடியிலுள்ள அழுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஆவியாகிவிடும், அழுக்கு மேலே தங்கிவிடும். நீங்கள் ஷாம்பு போட்டது திரிக்கு இன்னும் எண்ணெய் ஊற்றினதுதான்.

சீட்டுக்கு நாலு போல்ட். கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைத் தூக்கினால் கிளிப்பில் வந்துவிடும். கார்ப்பெட்டை மடக்கி எடுத்து, கழுவி, வெயிலில் போடுங்கள். இரண்டு நாள் வேலை, ஆயுசுக்கும் நிம்மதி.

ஞாயிறு_வாளி:
தம்பி சொல்வது பட்டறைக்குச் சரி, வீட்டு வாசலுக்குச் சரி வராது. நானும் ஒரு தடவை அந்த உற்சாகத்தில் கழற்றினேன். பத்து வருஷ வெயில் பார்த்த பிளாஸ்டிக் கிளிப் பிஸ்கட் மாதிரி உடையும். நாலு உடைந்தது. அன்றிலிருந்து அந்த வண்டி ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் கடகடவென்று பேசிக்கொண்டே வந்தது. அதோடு சீட்டுக்கடியில் ஒயர் இருக்கும். மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அணைக்க ஸ்கேனர் வைத்திருப்பவரைத் தேடிப் போக வேண்டும்.

குறைந்த தண்ணீர், நிறைய நுரை, மெத்தென்ற பிரஷ், ஈரத்தை உறிஞ்சும் வாக்யூம். இவ்வளவு போதும். பக்கெட் நுரையில் மேலே மிதப்பதை மட்டும் எடுத்துப் பூசுங்கள், அடித்தண்ணீரைத் தொடாதீர்கள். ஈரம் உறிஞ்சும் வாக்யூம் நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

பட்டறைப்_பையன்:
2014 வண்டி என்றால் இடது சீட்டுக்கடியில் பெரும்பாலும் ஒயரே இருக்காது. சீட்டில் ஆள் இருப்பதை அறிய ஒயர் கேட்கிற பெல்ட் எச்சரிக்கை முன் இரண்டு சீட்டுக்கும் கட்டாயமானது 2019 ஜூலையிலிருந்துதான். குனிந்து ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது. ஒயர் இருந்தால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து வேலையை ஆரம்பிக்கலாம். இதற்கு இவ்வளவு பயமா?

ஆப்பசோடா_அக்கா:
கறை மேல் ஆப்ப சோடாவைத் தூவி வினிகரை ஊற்றினால் பொங்கிக்கொண்டு அழுக்கெல்லாம் மேலே வரும். எங்கள் வீட்டில் குழந்தை காரில் பால் கக்கினபோது அப்படித்தான் செய்தேன். வென்னீரும் ஊற்றினேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. மிஞ்சுவது உப்புக் கரைத்த தண்ணீர். பார்க்கத் திருப்தியாக இருக்கும், கறைக்கு ஒன்றும் ஆகாது. தனித்தனியாக என்றால் இரண்டுக்கும் வேலை உண்டு. சோடாவை உலர்ந்த துணியில் தூவி ஒரு ராத்திரி விட்டு வாக்யூம் பிடித்தால் வாடை குறையும். ஈரக் கார்ப்பெட்டில் தூவினால் கட்டிதட்டி, இழைக்குள் வெள்ளையாக உட்கார்ந்துவிடும்.

பாலுக்கு வென்னீர் கூடவே கூடாது. பாலில் இருப்பது புரதம், சூட்டில் திரைந்து இழையைப் பிடித்துக்கொள்ளும். ரத்தமும் முட்டையும் அதே கதைதான். பச்சைத் தண்ணீரால் ஒற்றி எடுத்துவிட்டு, என்சைம் கலந்த கிளீனர் போட வேண்டும்.

பின் சீட்டு மஞ்சளுக்கு வருகிறேன். சோப்பு போட்டால் அது சிவந்து போகும், பதறாதீர்கள். மஞ்சள் பட்ட வேட்டி சோப்பு பட்டதும் சிவப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமச் சிவப்பு வருவதும் இதனால்தான். காரம் பட்டால் மஞ்சளிலுள்ள நிறப்பொருள் நிறம் மாறும். எண்ணெய்ப் பசையைப் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு எடுத்துவிட்டு, அந்தச் சீட்டு வெயில் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். மஞ்சளுக்கு வெயிலைப் போல எதிரி கிடையாது, நாலைந்து நாளில் வெளிறிவிடும்.

ஆப்பசோடா_அக்கா:
வாத்தியாரே, வாடை போனது உண்மை. அது சோடாவால் போனதா, ஒரு வாரம் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்ததால் போனதா, தெரியாது. வென்னீர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன்.

முடிச்சூர்_2015:
எல்லாரும் துடைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீர் எப்படி வந்தது என்று யாருமே கேட்கவில்லையே? 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் கார்கள் கண்ணாடி மட்டத்துக்கு முழுகிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் மறுபடி அதே கோலம். அந்த வண்டிகளில் பல கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்தன.

மடிப்பாக்கம் தம்பி, முதலில் சீட் பெல்ட்டை அடி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தை யாரும் கழுவ மாட்டார்கள், சேற்றுக்கோடு இருந்தால் அங்கே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் குழியைப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். வெள்ளத்தில் முழுகிய வண்டி என்றால் உங்கள் கவலை கார்ப்பெட்டோடு நிற்காது.

ஞாயிறு_வாளி:
வெள்ளம் என்றால் எல்லாப் பக்கமும் நனைந்திருக்கும். முன் இடதுபக்கம் மட்டும் என்றால் எனக்கு ஏசி மேல்தான் சந்தேகம். ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நம் ஊர் வண்டிகளில் காற்றைக் குளிரவைக்கும் ஏசிப் பெட்டி பெரும்பாலும் டேஷ்போர்டின் இடதுபுறம் இருக்கிறது. குழாய் தூசியாலும் பாசியாலும் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே கொட்டும். புழுக்கமான நாளில் ஏசியை இருபது நிமிஷம் ஓடவிட்டு அடியில் பாருங்கள். சொட்டு விழாவிட்டால் திருடன் அகப்பட்டான்.

பட்டறைப்_பையன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். கூடவே ஒரு டிஷ்யூவை அந்த ஈரத்தில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏசியோ மழையோதான். பிசுபிசுப்பும் நிறமும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலண்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) ஒழுகுகிறது, அது வேறு செலவு. மரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் முன் கண்ணாடிக்குக் கீழே இலை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு வண்டியில் ஒரு முறம் புங்க இலை அள்ளியிருக்கிறேன்.

மடிப்பாக்கம்_வாசி:
எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். பெல்ட் கடைசி வரை சுத்தம், ஸ்டெப்னிக் குழி காய்ந்து கிடக்கிறது. வெள்ள வண்டி இல்லை, மனசுக்கு ஆறுதல்.

ஏசியை அரை மணி ஓடவிட்டேன், அடியில் ஒரு சொட்டு இல்லை. கதவோரப் பட்டையைப் பதமாகத் தூக்கி (ஒரு கிளிப்தான் போனது, வாளி சார்) கார்ப்பெட் ஓரத்தை விலக்கிக் கையை உள்ளே விட்டேன். மேலே தொட்டால் காய்ந்த துணி. அடியில் ஃபெல்ட்டை அழுத்தினால் விரல் இடுக்கில் தண்ணீர் ஏறுகிறது. டிஷ்யூவில் நிறம் இல்லை, பழுப்பு அழுக்கு மட்டும். ஃபெல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்த ஹேர்பின் ஒன்று, நிறம் போன ஒரு ரூபாய்க் காசு ஒன்று.

வண்டியை ஜாக்கியில் தூக்கிக் குழாயில் மெல்லிய ஒயரை விட மெக்கானிக்குக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கறுப்பாக ஒரு கட்டி வெளியே விழுந்தது, பின்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீர். இப்போது என்ன செய்ய, கழற்றவா வேண்டாமா?

ஞாயிறு_வாளி:
தண்ணீர் உள்ளே கொட்டுவது நின்றது, இனி காயவைத்தால் முடிந்தது. கார்ப்பெட்டுக்கும் தரைக்கும் நடுவில் கொட்டாங்கச்சியை முட்டுக் கொடுத்துத் தூக்கிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவிடுங்கள். மூன்று நாள்.

பட்டறைப்_பையன்:
காயும். ஆனால் எத்தனை மாதமாக ஊறியதோ, உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். காய்ந்த பூஞ்சையும் மறுபடி ஈரம் பட்டால் மணக்கும். நான் என்றால் அந்தப் பகுதி ஃபெல்ட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டுவேன். தரைத் தகட்டையும் ஒரு தடவை கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:
நடுவில் ஒன்று. டாப் லைனிங்கை இந்த உற்சாகத்தில் தேய்த்துவிடாதீர்கள். அது மெல்லிய ஃபோம் மேல் பசையால் ஒட்டிய துணி. நனைத்தால் பசை விட்டு, கல்யாணப் பந்தல் மாதிரி தொங்கும். முகப்பவுடரை ஒற்றி, எண்ணெயை அது இழுத்த பிறகு, பிழிந்த துணியில் நுரை தொட்டு ஒரே திசையில் துடைத்தால் போதும். அப்புறம், அந்த டேஷ்போர்டுப் பாலிஷையும் துடைத்தெடுங்கள். வெயிலில் முன் கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசவைக்கும்.

மடிப்பாக்கம்_வாசி:
எட்டு நாள் ஆகிறது. கொட்டாங்கச்சி வைத்து ஃபேன் போட்டேன். கதவைத் திறந்தே வைத்ததில் உள்விளக்கு எரிந்து இரண்டாம் நாள் பேட்டரி இறங்கிவிட்டது, பக்கத்து வீட்டு ஆட்டோ அண்ணன் ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்தார். கறை திரும்ப வரவில்லை. மஞ்சள் முக்கால்வாசி வெளிறிவிட்டது. சாக்கு வாடை மட்டும் காலையில் முதல் தடவை கதவைத் திறக்கும்போது லேசாக வருகிறது.

பட்டறைப்_பையன்:
நான் சொன்னேனா இல்லையா?

ஞாயிறு_வாளி:
காலையில் மட்டும்தானே தம்பி. இன்னும் ஒரு வாரம் வெயில் படட்டும். புரட்டாசி பிறக்க நாள் இருக்கிறது.

மடிப்பாக்கம்_வாசி:
இரண்டு பேர் பேச்சையும் பாதிப் பாதி கேட்கிறேன். ஒரு வாரம் வெயில். அதற்குப் பிறகும் வாடை இருந்தால் ஃபெல்ட்டை வெட்டிவிடுகிறேன். சீட் போல்ட் தலையில் துரு தெரிகிறது, இன்றைக்கே எண்ணெய் விட்டு வைத்துவிட்டேன்.