வால்வு ரேடியோவில் மில்லிவோல்ட் கருவிகளை மாட்டலாமா?

கேள்வி:
பழைய வால்வு ரேடியோ ஒன்று கைக்கு வந்தது. ஸ்டேஷன் எடுக்கிறது, ஆனால் பேச்செல்லாம் உடைந்து கரகரக்கிறது. எந்தக் கட்டத்தில் கெடுகிறது என்று சிக்னல் ஜெனரேட்டரும் (சோதனை அலை தருவது) ஆசிலோஸ்கோப்பும் (அலையைத் திரையில் காட்டுவது) வைத்துப் பார்க்க ஆசை. இரண்டும் சில வோல்ட்டில் ஓடும் டிரான்சிஸ்டர் வேலைக்கு வாங்கியவை. உள்ளேயோ வால்வின் பிளேட்டில் (சிக்னல் பெரிதாகி வெளியே வரும் முனை) 250 வோல்ட் நிற்கிறது. மாட்டினால் கருவி பிழைக்குமா?

பதில் 1:
நேராக மாட்டினால் ஜெனரேட்டர் போய்விடும், எனக்கு ஒன்று அப்படித்தான் போனது. முனையில் 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைத் தொடரில் போடுங்கள். அதுவும் முழுக் காப்பு இல்லை, செட் ஓடும்போதே கிளிப்பை பிளேட்டில் வைத்தால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் அந்த நொடியில் 250 வோல்ட்டும் ஜெனரேட்டர் பக்கம் பாயும். அதனால் செட்டை அணைத்து, பவர் சப்ளையில் சார்ஜைத் தேக்கிவைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து, மாட்டிய பிறகுதான் ஆன் செய்ய வேண்டும். சொல்லப்போனால் பிளேட்டில் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை, கிரிட்டில் (வால்வுக்குள் சிக்னல் நுழையும் முனை) கொடுங்கள். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு ஓரிரு வோல்ட், வால்யூம் கன்ட்ரோலுக்கு 50 மில்லிவோல்ட் போதும். ஜெனரேட்டர் அவ்வளவு கீழே இறங்காவிட்டால் 10 கிலோ ஓம், 100 ஓம் ரெசிஸ்டர்களைத் தொடரில் வைத்து 100 ஓமின் இரு முனைகளிலிருந்து எடுங்கள், ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வரும்.

பதில் 2:
அதற்கு முன்னால் ஒன்று. பவர் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட் என்றால் மெயின்ஸின் ஒரு வயர் சேசிஸிலேயே (செட்டின் உலோகச் சட்டம்) இருக்கலாம். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் எர்த்தில் இருக்கிறது, அதை அங்கே கடித்தால் பட்டாசுதான். செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் தொடாதீர்கள். ஸ்கோப்பின் எர்த் பின்னைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கேட்டவர்:
நல்லவேளை, டிரான்ஸ்ஃபார்மர் செட்தான். வால்யூம் கன்ட்ரோலில் 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 10எக்ஸ் புரோபில் பார்த்தேன் (புரோப் எத்தனை வோல்ட் தாங்கும் என்று படித்துவிட்டுத்தான்). வால்யூம் கன்ட்ரோலுக்கு அடுத்த வால்வின் பிளேட்டில் சைன் அலை சுத்தமாக இருக்கிறது. ஸ்பீக்கர் முனையில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக வெட்டுப்படுகிறது.

பதில் 1:
சரி, அப்படியென்றால் கோளாறு அதற்குப் பிறகு, அவுட்புட் வால்வு பக்கம். ஜெனரேட்டரை எடுத்து வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். கேத்தோடு ரெசிஸ்டரில் பயாஸ் (கிரிட்டைக் கேத்தோடைவிட நெகட்டிவாக வைக்கும் வோல்டேஜ்) எடுக்கும் செட்டில் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே டிசி பூஜ்யம் காட்ட வேண்டும். பாசிட்டிவ் காட்டினால் முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து சிக்னலை இந்தக் கிரிட்டுக்குக் கொண்டுவரும் கப்ளிங் கெப்பாசிட்டர் கசிகிறது, அல்லது வால்வே கெட்டிருக்கிறது. செட்டை அணைத்து கெப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றி மறுபடி பாருங்கள். வோல்டேஜ் காணாமல் போனால் கெப்பாசிட்டர், அப்படியே நின்றால் வால்வு.

கேட்டவர்:
7 வோல்ட் இருந்தது! காலைக் கழற்றியதும் பூஜ்யம். புதிது போட்டாயிற்று, இப்போது செய்தி வாசிப்பவர் தெளிவாகப் பேசுகிறார்.