ஒரே தொகை, 15 மடங்கு கட்டணம்: பிட்காயின் வாலெட் காட்டும் கணக்கு சரிதானா?

தூரிகை எழுதியது:

வணக்கம். நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். வெளிநாட்டில் சொந்தமாகப் புத்தகம் போடும் எழுத்தாளர்கள் சிலர் எனக்குப் பிட்காயினில் பணம் அனுப்புகிறார்கள். ஒரு படத்துக்கு 28,000 சடோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு), இன்னொன்றுக்கு 35,000 என்று இரண்டு ஆண்டுகளில் 22 சிறிய வரவுகள் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முகவரி 1 என்ற எண்ணில் தொடங்கும் பழைய வகை.

சென்ற மாதம் ஓர் எழுத்தாளர் முழுப் புத்தகத்துக்கும் சேர்த்து ஒரே தவணையாகப் பணம் அனுப்பினார். அதிலிருந்து 6,50,000 சடோஷியை, ரூபாயாக்கித் தரும் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றினேன். கட்டணம் 2,712 சடோஷி. நேற்று அதே 6,50,000 சடோஷியை மீதமிருப்பதிலிருந்து அனுப்பப் போனால், அதே வாலெட் 41,784 சடோஷி கேட்கிறது. இரண்டு முறையும் திரையில் 12 என்ற எண்தான் இருந்தது. இன்றைய (2024) விலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு படத்தின் கூலியைவிட அதிகம். பொத்தானை அழுத்தக் கை வரவில்லை.

அச்சகத்துக்குப் பணம் கட்ட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்தக் கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள்? எவ்வளவு கொடுத்தால் போதும் என்று நானே கணக்கிட முடியுமா?

கடலோரம் எழுதியது:

நெரிசலைப் பொறுத்துக் கட்டணம் ஏறி இறங்கும். வாலெட்டில் விரைவு, நடுத்தரம், மெதுவாக என்று மூன்று இருக்குமே, மெதுவாக என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பொன்மலை எழுதியது:

சகோதரி, வாலெட் உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் உங்கள் நோட்டில் ஒரு வரவு விடுபட்டிருக்கிறது. அவை 22 அல்ல, 23. உங்கள் வாலெட்டைப் பார்க்காமலே இதைச் சொல்ல முடிகிறது. கட்டணத்தை அளக்கும் முறை முழுவதும் அதில் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பிட்காயினில் கட்டணம் தொகைக்கு இல்லை, இடத்துக்கு. பார்சல் லாரி அலுவலகத்தில் மூட்டையைத் தராசில் ஏற்றி எடைக்குத்தான் வாடகை போடுவார்கள். உள்ளே பட்டுச் சேலையா பழைய துணியா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இங்கே எடைக்கு அலகு வி-பைட், அதாவது மெய்நிகர் பைட். திரையில் நீங்கள் கண்ட 12 என்பது ஒரு வி-பைட்டுக்கு 12 சடோஷி. 41,784ஐ 12ஆல் வகுத்தால் 3,482. உங்கள் பரிவர்த்தனையின் எடை அதுதான்.

எடை எங்கிருந்து வருகிறது? உங்களிடம் இருப்பது ஒரே குவியல் அல்ல. வந்த ஒவ்வொரு வரவும் வந்தபடியே தனி ரூபாய் நோட்டைப் போலக் கிடக்கிறது. செலவழிக்கும்போது ஒவ்வொரு நோட்டையும் தனியாகக் குறிப்பிட்டு, அதற்கென்று ஒரு கையொப்பமும் வைக்க வேண்டும். 1 என்று தொடங்கும் முகவரியில் அப்படி ஓர் உள்ளீட்டுக்கு 148 வி-பைட் ஆகும். பணம் போய்ச் சேரும் வெளியீடு ஒவ்வொன்றுக்கும் 34. பொதுத் தலைப்புக்கு 10. சென்ற மாதம் ஓர் உள்ளீடு, இரண்டு வெளியீடுகள்: 148ம் 68ம் 10ம் சேர்ந்து 226. அதை 12ஆல் பெருக்கினால் 2,712, நீங்கள் கட்டிய அதே தொகை. இப்போது 3,482இல் வெளியீடுகளுக்கும் தலைப்புக்குமான 78ஐக் கழித்து 148ஆல் வகுத்துப் பாருங்கள். மிச்சமே இல்லாமல் 23 வருகிறது.

அந்த 23ஆவது வரவு எது? சென்ற மாதம் அனுப்பியபோது இரண்டாவது வெளியீடு ஒன்று இருந்ததே, மீதிப் பணம் உங்களுக்கே திரும்பியது, அதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு யாரும் அனுப்பாத வரவு என்பதால் நோட்டில் ஏறியிருக்காது.

பிசி1கியூ (bc1q) என்று தொடங்கும் முகவரியில் வாங்கியிருந்தால் ஓர் உள்ளீட்டுக்கு ஏறக்குறைய 68 வி-பைட்தான் ஆகியிருக்கும். 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த செக்விட் மாற்றம் கையொப்பப் பகுதிக்கு நான்கில் ஒரு பங்கு எடையே போடுகிறது. இனி வரும் வரவுகளுக்காவது அந்த முகவரியைக் கொடுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பரிவர்த்தனைக்குள் கட்டணம் என்று தனியாக எழுதும் இடமே கிடையாது. உள்ளே வந்த தொகையிலிருந்து வெளியே போகும் தொகையைக் கழித்தால் மிஞ்சுவதெல்லாம் கட்டணம். 2023 செப்டம்பரில் ஒரு நிறுவனம் 0.074 பிட்காயினை அனுப்பும்போது மென்பொருள் கோளாறால் ஏறத்தாழ 20 பிட்காயின் கட்டணமாகப் போய்விட்டது. அதை எடுத்த மைனர் குழு, அதாவது பரிவர்த்தனைகளைப் பதிவேட்டில் ஏற்றுபவர்கள், திருப்பிக் கொடுத்தது. திருப்பித் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதனால் அனுப்பும் முன் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று தாளில் கழித்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. கட்டணத்தை நிர்ணயிப்பவர் என்று ஒருவரும் இல்லை. பரிவர்த்தனைகள் பிளாக் என்னும் தொகுப்புகளாகப் பதிவாகின்றன, ஒரு பிளாக்கில் பத்து லட்சம் வி-பைட் அளவுக்குத்தான் இடம். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். ஒரு வி-பைட்டுக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவர்களை மைனர்கள் முதலில் ஏற்றுகிறார்கள். மற்றவை மெம்பூல் என்னும் காத்திருப்புப் பட்டியலில் நிற்கும். ஊர் முழுவதற்கும் ஒரே மெம்பூல் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு நோடும், அதாவது பிட்காயின் வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினியும், தன் காதுக்கு எட்டியதைத் தனக்கென்று வைத்திருக்கிறது. இரண்டு வாலெட்டுகள் இரண்டு விதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு கொடுத்தால் போதும் என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், மதிப்பிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நடந்ததைப் பார்த்துச் சொல்வது. பிட்காயின் கோர் மென்பொருளில் எஸ்டிமேட்ஸ்மார்ட்ஃபீ என்ற கட்டளை இப்படித்தான் வேலை செய்கிறது. மெம்பூலுக்குள் வரும் பரிவர்த்தனைகளை அவை தரும் விகிதப்படி தட்டுத் தட்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு தட்டும் முந்தையதைவிட 5 சதவீதம் உயரம். எந்தத் தட்டில் இருந்தவை எத்தனை பிளாக்கில் ஏறின என்று எண்ணிக்கொண்டே வரும். ஆறு பிளாக்கில் ஏற வேண்டும் என்று கேட்டால், அந்தக் கெடுவுக்குள் 85 சதவீதமாவது ஏறிய தட்டாகப் பார்த்து, இயன்றவரை கீழே இறங்கி விடை சொல்லும். விடை ஆயிரம் வி-பைட்டுக்கு இத்தனை பிட்காயின் என்று வரும், 0.00012 என்று வந்தால் அது உங்கள் 12. இந்த முறையை ஏமாற்றுவது கடினம். ஆனால் நெரிசல் இறங்குவது இதற்குத் தாமதமாகத்தான் தெரியும். 2024 ஏப்ரல் 20 அன்று, நம் நேரப்படி அதிகாலை ஐந்தரை மணியைத் தாண்டி 8,40,000ஆவது பிளாக் வந்தது. மைனர்களுக்குக் கிடைக்கும் புதிய பிட்காயின் பாதியாகக் குறையும் ஹால்விங் நடந்த பிளாக். அதில் மட்டும் கட்டணமாக 37 பிட்காயினுக்கு மேல் சேர்ந்தது. அன்று விகிதம் ஒரு வி-பைட்டுக்கு ஆயிரம் சடோஷியைத் தாண்டியது. அப்படி ஓர் ஏற்றம் வடியும்போது பழைய அனுபவத்தை மட்டும் பார்த்துக் கட்டுபவர் வீணாகக் கட்டுவார்.

இரண்டாவது வழி, இப்போது காத்திருப்பதை எண்ணுவது. நான் தர நினைக்கும் விகிதத்துக்கு மேலே எத்தனை வி-பைட் நிற்கிறது என்று பார்ப்பது. மெம்பூல் வரைபடம் காட்டும் தளங்களில் யாரும் இதைப் பார்க்கலாம். இதிலும் ஒரு பிழை இருக்கிறது. இனி வரப்போகிறவர்கள் அந்தப் படத்தில் இல்லை.

என் வீட்டில் ஐந்து ஆண்டுகளாக ஒரு பழைய கணினியில் முழு நோடு ஓடுகிறது. கட்டணத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். சென்ற செவ்வாய் இரவுக் குறிப்பை அப்படியே தருகிறேன். 9.10 மணிக்கு ஒரு சிறு பரிவர்த்தனையை 9 என்ற விகிதத்தில் அனுப்பினேன். அப்போது எனக்கு மேலே நின்றவை 6 லட்சம் வி-பைட். அடுத்த பிளாக்கிலேயே ஏறிவிடும் என்றுதான் எவரும் சொல்வார்கள். அந்த அடுத்த பிளாக் வர 48 நிமிடமாயிற்று. அதற்குள் 9க்கு மேல் தருபவர்கள் இன்னும் 11 லட்சம் வி-பைட் அளவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். 9.58க்கு வந்த பிளாக்கில் எனக்கு இடமில்லை. மூன்று நிமிடம் கழித்து வந்ததில் ஏறியது.

48 நிமிடம் என்பது அபூர்வம் அல்ல. பிளாக் வருவது எந்தக் கால அட்டவணைக்கும் கட்டுப்பட்டதல்ல. கணக்குப் போட்டால் ஓர் இடைவெளி அவ்வளவு நீள்வதற்கு வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. நாளுக்கு 144 பிளாக் என்னும்போது, சராசரியாகத் தினமும் ஒருமுறை அப்படி நடக்கும். மதிப்பீட்டுக் கருவிகள் எண்ணுவது பிளாக்கை, நிமிடத்தை அல்ல. வாலெட்டில் "20 நிமிடம்" என்று எழுதியிருந்தால் அதை "இரண்டு பிளாக்" என்று மாற்றிப் படியுங்கள்.

கடலோரம் சொல்லும் மெதுவான வழியில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். வாலெட் செய்பவர்கள் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள் என்பது என் அனுபவம். பணம் சிக்கிக்கொண்டால்தான் புகார் வருகிறது. அதிகம் கட்டியவர் யாரும் புகார் செய்வதில்லை. உங்களுக்கு ஒன்பது நாள் இருப்பது வாலெட்டுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

என் யோசனை: ஞாயிற்றுக்கிழமை நெரிசல் பெரும்பாலும் குறையும். அப்போது 23ஐயும் ஒரு புதிய பிசி1கியூ முகவரிக்கு அனுப்பி ஒன்றாக்குங்கள். பிறகு அதிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றுங்கள்.

தூரிகை எழுதியது:

ஐயா, இப்போதுதான் வாலெட்டைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். 23 இருக்கின்றன. கடைசியாக நிற்பது சென்ற மாதம் திரும்பி வந்த மீதிதான். வகுத்தல் கணக்கை நானே தாளில் போட்டு 23 வந்தபோது மனத்திலிருந்த பயம் போய்விட்டது. மிக்க நன்றி.

மணல்மேடு எழுதியது:

பொன்மலை ஐயாவின் விளக்கம் அருமை, ஆனால் கடைசி யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. தூரிகைக்கு இந்தப் பணம் ஏறக்குறைய முழுவதும் ஒரே முறையில் எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டும். 23 உள்ளீட்டின் எடையை எப்படியும் ஒரு முறை சுமக்கத்தான் வேண்டும். அதை ஞாயிறன்று சுமப்பதானால் நேராக எக்ஸ்சேஞ்சுக்கே அனுப்பிவிடலாமே? நடுவில் ஒன்றாக்கினால் இன்னொரு பரிவர்த்தனைக்கும் கட்டணம் கட்ட வேண்டும். சிறிது சிறிதாகப் பின்னாளில் செலவழிக்கப் போகிறவருக்குத்தான் ஒன்றாக்குவதில் லாபம்.

3 என்ற விகிதம் கிடைத்தால் 3,482க்கு 10,446 சடோஷி. 31,338 மிச்சம், ஏறக்குறைய 1,880 ரூபாய். இதற்காகக் காத்திருக்கும்போது விலையையும் நினைவில் வையுங்கள். 6,50,000 சடோஷி சுமார் 39,000 ரூபாய். விலை ஐந்து சதவீதம் இறங்கினால் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விடும். ஞாயிறு வரை பொறுக்கலாம். ஒன்பதாம் நாள் வரை இழுக்க வேண்டாம்.

அனுப்பும்போது ஆர்பிஎஃப் வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்டால் அதே பரிவர்த்தனையைக் கூடுதல் கட்டணத்துடன் மாற்றி அனுப்பலாம். 2024 நிலவரப்படி, அப்போது பழைய கட்டணத்துக்கு மேல் வி-பைட்டுக்கு ஒரு சடோஷியாவது கூட்ட வேண்டும். 3இல் தொடங்கினால் அடுத்த படி குறைந்தது 13,928.

பொன்மலை எழுதியது:

மணல்மேடு சொல்வதுதான் சரி. முழுத் தொகையும் போகிறது என்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். சகோதரி, நேராகவே அனுப்புங்கள்.

தூரிகை எழுதியது:

ஞாயிறு மாலை எழுதுகிறேன். காலையிலிருந்து மெம்பூல் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வரைந்தேன். 11 மணிக்கு 3க்கு மேலே நின்றவை 18 லட்சம் வி-பைட். நெரிசல் கூடவில்லை. 11.20க்கு ஆர்பிஎஃப் இயங்குவதை உறுதிசெய்து 3இல் அனுப்பினேன். கட்டணம் 10,446 என்றே காட்டியது. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். மதியம் ஒரு முறை 5 வரை ஏறியபோது கூட்டலாமா என்று கை துடித்தது, பொறுத்துக்கொண்டேன். 3.45க்குப் பிளாக்கில் ஏறிவிட்டது. நாளை அச்சகத்துக்குப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். இப்போது பார்த்தால் அளவு 3,471 வி-பைட் என்று இருக்கிறது, விகிதம் 3.01 என்று இருக்கிறது. 11 எங்கே போயிற்று?

பொன்மலை எழுதியது:

மகிழ்ச்சி சகோதரி. அந்த 11 உங்கள் கையொப்பங்களில் இருக்கிறது. கையொப்பத்துக்குள் இருக்கும் எண் பெரியதாக அமைந்தால் அதை எழுத ஒரு பைட் கூடுதலாக வேண்டும், சிறியதாக அமைந்தால் வேண்டாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு. கையொப்பமிடும் முன் அது எப்படி அமையும் என்று தெரியாததால் வாலெட் எல்லாவற்றுக்கும் 148 என்றே வைத்துக் கணக்கிட்டது. உங்கள் 23இல் 11 கையொப்பங்கள் ஒரு பைட் குறைவாக அமைந்திருக்கின்றன.