புதுப்பிப்பு: அப்பாவின் பெருந்தமனி அறுவை சிகிச்சை, இதயம் தாங்குமா என்ற கேள்வி

அப்பாவுக்கு 74 வயது, வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம், திறந்த அறுவை சிகிச்சை. இதயத்துக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா எனக் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

அறுவையால் இதயத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க நீங்கள் சொன்ன லீ குறியீட்டை மயக்க மருந்து டாக்டரும் போட்டுப் பார்த்தார். இதய ரத்தக்குழாய் நோய், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், இன்சுலின், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு) 2-க்கு மேல், பெரிய அறுவை என ஆறே கேள்விகள். வயதுக்கு அதில் இடமே இல்லை! ரத்தக்குழாய் அறுவைகளில் அது ஆபத்தைக் குறைத்துக் காட்டும் என்று அவரே சொன்னார். அதனால் இதயத்தின் மேல் உள்ள அழுத்தத்தைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். ஆபத்து அதிகம் என்று கருதும் 300-ஐ அது தாண்டியிருந்தது.

அதைப் பார்த்துத்தான் அறுவைக்குப் பின் தினமும் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பார்த்தார்கள். இரண்டாம் நாள் அது ஏறியது. அப்பாவுக்கு நெஞ்சுவலியே இல்லை, "நல்லாத்தானே இருக்கேன்" என்றார். வலி மருந்து ஓடும்போது இதயம் அடிபட்டாலும் பெரும்பாலும் தெரியாதாம். உடனே ஆஸ்பிரின், ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மருந்து) எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள். சோதிக்காமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம், முதலிலேயே ஸ்டென்ட் வைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். இதய நோய் நிலையாக இருப்பவர்களுக்கு அதனால் நீண்டகாலப் பலன் இல்லை என்று 2004-இல் வந்த கார்ப் ஆய்வு காட்டியது. அறுவையன்று புதிதாக பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) தொடங்குவதும் வேண்டாம்: 2008-இன் பாய்ஸ் ஆய்வில் மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் மரணமும் கூடின.

அடுத்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும்.