ஊர்க் கபடிக் குழுவுக்கு வெப்சைட் போட்ட கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்க

ஒரத்தநாடு பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. பொங்கலுக்கு இரண்டு ராத்திரி மின்னொளிக் கபடி நடத்துவோம், வருடத்தில் அதுதான் எங்கள் குழுவுக்குப் பெரிய நிகழ்ச்சி. மூன்று வருடத்துக்கு முன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தலைவர் திடீரென்று "நமக்கும் ஒரு வெப்சைட் வேணும்டா, நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே" என்றார். நான் படித்தது சிவில். சொன்னால் கேட்கவா போகிறார்கள்?

அவர் கேட்டது இவ்வளவுதான்: திறந்ததும் பாட்டு வரவேண்டும், "வருக வருக" என்று எழுத்து ஓடவேண்டும், அவர் படம் பெரிதாக இருக்கவேண்டும். பாட்டை மட்டும் எப்படியோ பேசித் தவிர்த்தேன்.

என்ன போடுவது என்று யோசிக்கும்போது ஒன்று செய்தேன், அது மட்டும் புத்திசாலித்தனமாக அமைந்துவிட்டது. போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க செயலாளர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு வருகிற போன்களில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினேன். எத்தனை கிலோ எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, ஆடுவது மண் தரையிலா மேட் விரிப்பிலா, எடை எத்தனை மணிக்குப் போடுவீர்கள், பஸ் எதுவரை வரும். திரும்பத் திரும்ப இந்த ஐந்துதான். குழுவின் வரலாற்றையோ நோக்கத்தையோ ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த ஐந்துக்கும் பதிலை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டேன், தலைவர் படம் அதற்குக் கீழே போனது, அதற்கு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை அவர்.

அடுத்த தலைவலி எழுத்து. நோட்டீஸ் அடித்த பிளக்ஸ் கடையிலிருந்து மேட்டர் வாங்கி அப்படியே ஒட்டினால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தது. அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. அவர்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கிறார்கள், அது எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் படிக்கிற யுனிகோட் கிடையாது, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேஷம் கட்டிய மாதிரிதான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனாலும் மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

இதைவிடப் பெரிய கூத்து நன்கொடையாளர் பட்டியல். யார் பெயர் முதலில் வருவது என்று எங்கள் ஊரில் இரண்டு தேர்தல் தோற்கும் அளவுக்குச் சண்டை. சரி, அகரவரிசை என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று கம்ப்யூட்டரிலேயே வரிசைப்படுத்திப் போட்டேன். மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற தமிழய்யா வீட்டுக்கே வந்துவிட்டார். "ஜெ எப்படிப்பா த-வுக்கு முன்னாடி வரும்? கிரந்தம் கடைசியிலதானே?" என்றார். அவர் பெயர் த-வில் ஆரம்பிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்த்தால் அவர் சொன்னது சரி. யுனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, அந்த வரிசையில் ஜ-வை ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள், சும்மா வரிசைப்படுத்தச் சொன்னால் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத்தான் பார்க்கும். தமிழ் முறைப்படி ஒப்பிடு என்று ஒரு வரி சேர்த்ததும் ஒழுங்கானது. தமிழய்யா அடுத்த வருடம் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தார்.

நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வருடம் 43 அணி. தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட் என்பதால் 64-க்கு நிரப்ப 21 'பை', அதாவது 21 அணி ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும், முதல் சுற்றில் 11 ஆட்டம்தான். சீட்டுக் குலுக்கி முடித்ததும் அட்டவணையை ஏற்றினேன். அப்புறம் ஒரு அணி வண்டி பழுதாகி நிற்கிறது என்று சொன்னதால் கமிட்டி இரண்டு ஆட்டத்தை முன்னும் பின்னும் மாற்றியது, நானும் உடனே மாற்றி ஏற்றிவிட்டேன். ஆனால் ஓர் அணியின் போனில் பழைய பக்கமே நின்றுகொண்டிருந்தது, பிரவுசர் முதலில் சேமித்து வைத்ததையே காட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பத்தரைக்கு வருகிறார்கள், ஆட்டம் ஒன்பதே முக்காலுக்கே விட்டுக்கொடுத்ததாக அறிவித்தாயிற்று. மைக் முன்னால் போனைத் தூக்கிக் காட்டி "உங்க வெப்சைட்டுதானே இது?" என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது? நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, சாப்பாடும் போட்டு அனுப்பினோம். அன்றிலிருந்து அட்டவணைக்கு மேலே "கடைசியாக மாற்றிய நேரம்" என்று சிவப்பில் ஒரு வரி, அதோடு மைக்கில் சொல்வதே இறுதி என்று இன்னொரு வரி. சேமித்து வைக்காதே என்று அந்தப் பக்கத்துக்குத் தனியாக அமைப்பும் போட்டாயிற்று.

உங்கள் ஊரில் எப்படி?

* * *

கோவில்பட்டியிலிருந்து. எங்களுக்கு ஹாக்கி. நீங்கள் பட்ட அடி ஒன்றுமே இல்லை அண்ணே, எங்கள் கதையைக் கேளுங்கள்.

எங்கள் கிளப் தளத்தின் பெயரை, அதாவது அவ்வப்போது பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய இணைய முகவரியை, வாங்கியது அப்போது ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன், அவன் சொந்த மெயிலில், சொந்த போன் நம்பரில். நன்றாகத்தான் ஓடியது. 2022 ஆசியக் கோப்பைக்கு எங்கள் ஊரில் பயிற்சி எடுத்த மாரீஸ்வரனும் கார்த்தியும் இந்திய அணியில் போனபோது எங்கள் பக்கம் பிள்ளைகளை ஹாக்கியில் சேர்க்க விசாரிக்கிறவர்கள் கூடினார்கள், பயிற்சி நேரம், எந்த வயதிலிருந்து சேர்க்கலாம், மட்டை யார் தருவார்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தோம், அதைப் பார்த்து வந்து சேர்ந்த பிள்ளைகள் உண்டு. பிறகு அந்தப் பையன் வேலைக்கு வெளிநாடு போனான், பழைய சிம் செத்துப்போனது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலை அவன் பார்க்கவே இல்லை. தளம் நின்றது. ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்கே தெரியும், உள்ளே போக முயன்றால் ஓடிபி அந்தச் செத்த நம்பருக்குப் போகிறது.

சரி போகட்டும், புதுப் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டோம். சில மாதம் கழித்து ஒரு அப்பா போன் செய்து கத்துகிறார். எங்கள் பழைய முகவரியை யாரோ வாங்கி சூதாட்டத் தளம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்த சான்றிதழ் அத்தனையிலும் அந்த முகவரியை அச்சடித்திருக்கிறோம், ஜெர்சி முதுகிலும்தான். ஜெர்சியில் துணி ஒட்டித் தைத்தோம். சான்றிதழை என்ன செய்வது? வீடு வீடாகப் போய் வாங்கி மாற்றிக் கொடுத்தோம், எல்லாமும் திரும்பி வரவில்லை.

இப்போது கிளப் பெயரில் தனி மெயில், அதன் கடவுச்சொல் பொருளாளரின் வரவு செலவு நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நோட்டில் எழுதக் கூடாது என்று சொல்வீர்கள். எங்கள் பொருளாளர் நோட்டை நீங்கள் திருடிப் பாருங்கள், அப்போது தெரியும். பெயரும் ஒரேயடியாக ஐந்து வருடத்துக்குக் கட்டிவிட்டோம்.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பாமினி என்றதும் சிரிப்பு வந்தது, எங்கட கழகத்தின் பழைய அறிக்கை, யாப்பு (கழகச் சட்டதிட்டம்), சிறப்பு மலர் எல்லாம் பாமினியில்தான் கிடக்கு.

எங்களுடையது உதைபந்தாட்டக் கழகம். இணையத்தளத்துக்குக் காசு தந்தது கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய வீரர்கள், அதனால் அவையளுக்கு என்ன வேணும் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. நாங்கள் போட்டி முடிவுகளும் நேரலையும் என்று நினைச்சம். அவையள் கேட்டது பழைய படங்கள். எங்களிடம் ஒன்றும் இல்லை. 1995 இடம்பெயர்வில் ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது கழகக் கட்டிடத்தில் சுவரில் மாட்டியிருந்த படங்களை யார் தூக்கிக்கொண்டு போவது? திரும்பி வந்து பார்க்க சுவரே அரைவாசிதான் நின்றது.

அதனால் எல்லாம் தலைகீழாக நடந்தது. வெளிநாட்டில் இருக்கிறவையின் அல்பங்களில் இருந்து படங்கள் ஊருக்கு வந்தன. ஒருவர் 1978 அணியின் படத்தைக் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பினார், பிளாஷ் வெளிச்சம் நடுவில் விழுந்து கோல் காப்பாளரின் முகமே இல்லை. திரும்ப எடுக்கச் சொல்லி மூன்று தரம் கேட்டோம். பிறகுதான் விளங்கியது, மனிசனுக்கு எழுபது வயது, கை நடுங்குது. மகள் ஸ்கேன் பண்ணி அனுப்பினா.

படத்தில் நிற்கிறவர்களுக்குப் பெயர் போடுவதுதான் உண்மையான வேலை. "இடமிருந்து வலம், நிற்பவர்கள்" என்று எழுதி, தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டு விட்டோம். அந்தக் கேள்விக்குறிகளுக்குத்தான் எங்கட தளத்திலேயே அதிகம் ஆட்கள் எழுதுகிறார்கள். "மூன்றாவதாக நிற்கிறது என்ர அப்பா" என்று ஒரு பிள்ளை எழுதினது, தகப்பன் உதைபந்து விளையாடினவர் என்பதே அதுக்குத் தெரியாதாம்.

* * *

வடசென்னை, வியாசர்பாடி பக்கம், பெண் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். எல்லாரும் அனுபவம் சொல்கிறீர்கள், நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டிக்கு வயதுச் சான்று கேட்டார்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா போன் நம்பர், ஆதார் எண், எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் போட்டு, லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்று வைத்து, அந்த லிங்கை எங்கள் தளத்தில் "அணி விவரம்" என்று கொடுத்துவிட்டேன். நடத்துகிறவர்கள் எளிதாகப் பார்க்கட்டும் என்றுதான். ஒரு அம்மாவுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது, மகள் பெயரையும் எந்த ஊரில் எப்போது மேட்ச் என்பதையும் சொல்லிப் பேசியிருக்கிறான் ஒருத்தன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை, மகளை நிறுத்திவிட்டார்கள். நல்ல லெஃப்ட் விங் அவள்.

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பதினெட்டு வயதுக்குக் கீழே எல்லாருமே குழந்தைதான், அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். சட்டம் இருக்கட்டும், எனக்கு அந்த போன் ஒன்றே போதும். இப்போது தளத்தில் ஜெர்சி நம்பரும் முதல் பெயரும் மட்டும். குழுப் படம் போடுவோம், தனிப் படம் அம்மா சம்மதித்தால்தான், பயிற்சி நேரத்தை வெளியில் போடுவதே இல்லை, விசாரிக்கிறவர்கள் போன் செய்யட்டும். கோவில்பட்டிக்காரர் பயிற்சி நேரத்தைப் போட்டதாகச் சொன்னார், அங்கே அது சரியாக இருக்கலாம், எங்களுக்கு ஒத்துவராது.

* * *

இவ்வளவு கஷ்டம் எதற்கு? வாட்ஸ்அப் குரூப் போதாதா? நாங்கள் வாலிபால், பதினைந்து வருடமாக ஒரே குரூப்பில்... சரி, பதினைந்து இல்லை, பத்து இருக்கும்.

* * *

ஒரத்தநாடுதான் மறுபடியும். வாலிபால்காரருக்கு: குரூப்பில் இருக்கிறவனுக்குக் குரூப் போதும். எங்களுக்குப் பாதி அணி வெளி மாவட்டம், அவர்கள் எங்கள் குரூப்பில் இல்லை. போன வருட அரையிறுதி ஸ்கோர் என்ன என்று குரூப்பில் தேடிப் பாருங்கள், நூறு "காலை வணக்கம்" பூப் படத்துக்கு நடுவில் கிடக்கும். ஆனால் அன்றன்றைய வேலைக்கு நாங்களும் குரூப்தான், அதில் உங்களோடு சண்டை இல்லை.

வடசென்னைப் பதிவைப் படித்ததும் ஓடிப்போய் எங்கள் தளத்தைப் பார்த்தேன். எடை போட்ட பட்டியல் என்று பசங்களின் போன் நம்பரோடு ஒரு பக்கம் இரண்டு வருடமாக அப்படியே கிடந்தது. எடுத்துவிட்டேன். நன்றி.

யாழ்ப்பாண அண்ணாவின் கேள்விக்குறியையும் திருடப்போகிறேன். எங்களிடமும் பழைய சுழற்கோப்பைப் படம் ஒன்று இருக்கிறது, மண் தரையில் வரிசையாக ஏழு பேர் நிற்கிறார்கள், நான்கு பேர் யாரென்றே தெரியவில்லை.

படம் என்றதும் இன்னொன்று. போட்டோகிராபர் தருவது ஒவ்வொன்றும் எட்டு எம்பி. நாற்பது படம் அப்படியே ஏற்றினால் 320 எம்பி, எங்கள் ஊர் சிக்னலுக்கு அது அடுத்த பொங்கலுக்குத்தான் திறக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்தால் ஒவ்வொன்றும் 200 கேபிக்குள் அடங்கிவிடுகிறது, போனில் பார்க்க வித்தியாசமே தெரியாது.

இப்போது தளத்தைப் பார்த்துக்கொள்வது நான் இல்லை, எங்கள் அணியில் லெஃப்ட் கார்னரில் ஆடுகிற பையன். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறான். வந்ததும் முதல் வேலையாகப் பக்கம் முழுக்கக் கறுப்பாக்கி எழுத்தைப் பச்சையாக்கினான், கண் கூசுகிறது, நான் வாயைத் திறக்கவில்லை. தலைவர் இந்த வருடமும் பாட்டு கேட்டார். நான் மூன்று வருடம் முடியாது என்ற விஷயத்துக்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். போன பொங்கல் இறுதி ஆட்டத்தில் எங்கள் மைக் அண்ணன் தொண்டை கட்டிப்போய்க் கத்தியதை யாரோ போனில் பதிவு செய்திருந்தார்கள். அதிலிருந்து இருபது நொடி வெட்டி, கீழே ஒரு பொத்தானாக வைத்துவிட்டான். தானாகப் பாடாது, அழுத்தினால்தான். தலைவர் டீக்கடையில் உட்கார்ந்து அதை அழுத்திக்கொண்டே இருக்கிறார்.