காற்று அடித்தால் நெட் போகிறது: தென்னந்தோப்பு வீட்டு ஃபைபர் லைன்

தோப்புவீடு எழுதியது:

வணக்கம். பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். மெயின் ரோட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே, தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. மெடிக்கல் கோடிங் வேலை பார்க்கிறேன், அதாவது நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்பைப் படித்து அதற்கான குறியீடு போடும் வேலை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் சென்னை அறையைக் காலி செய்துவிட்டு, கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன்.

மார்கழியில் ஃபைபர் இணைப்பு வந்தது. தை, மாசி, பங்குனி ஒரு குறையும் இல்லை. ஆனி பிறந்ததிலிருந்து தொல்லை. காலை பதினொரு மணிக்கு மேல் மோடத்தில் லாஸ் லைட் சிவப்பாக மின்னும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், அப்புறம் தானாகவே வந்துவிடும். மறுபடி போகும். நேற்று மதியம் மட்டும் பதினான்கு தடவை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் விடிய விடியப் போட்டு வைத்தாலும் அசையாது.

இரண்டு நிமிஷம்தானே என்று கேட்கலாம். கம்பெனி சர்வருக்குள் போய்த்தான் நோயாளியின் சார்ட்டைப் பார்க்க முடியும். லைன் போனால் வெளியே தள்ளிவிடும். மறுபடி பாஸ்வேர்டு, ஓடிபி, பாதி படித்த சார்ட்டை முதலிலிருந்து படிப்பது. டார்கெட்டில் பாதிகூட முடிவதில்லை. டீம் லீட் நல்ல மனிதர், ஆனால் அடுத்த மாதமும் இப்படியே போனால் ஆபீசுக்கு வரச் சொல்வதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

லைன் போட்ட தம்பி மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் காலை எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். மோடத்தை மாற்றிப் பார்த்தார். "உங்க வீட்டு கரண்ட் சரியில்லக்கா" என்றார். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன், மாற்றமில்லை. மொபைல் சிக்னல் வீட்டுக்குள் ஒரு கோடு, மாடியில் இரண்டு.

எங்கே தேடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாயின்ட் பெட்டி எழுதியது:

தங்கச்சி, நான் தேனிப் பக்கம் கேபிள் லைன் வேலை பார்ப்பவன். முதலில் ஸ்டெபிலைசர் கதையை விடுங்கள். கரண்ட் பிரச்சினை என்றால் மோடமே அணைந்து எரியும், எல்லா லைட்டும் போய் வரும். லாஸ் மட்டும் சிவப்பு என்றால் கேபிள் வழியாக வெளிச்சம் போதுமான அளவு வந்து சேரவில்லை.

எவ்வளவு வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. உள்ளே போனால் ஆப்டிக்கல் அல்லது பான் என்ற பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண், மைனஸ் குறியோடு, டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸ் 15 முதல் 24 வரை நல்லது. 27 தாண்டினால் பெரும்பாலான மோடம் தடுமாறும். மைனஸ் கணக்கு என்பதால் 22 என்பது 25 ஆனால் இறங்கிவிட்டது என்று பொருள். இப்படி மூன்று குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம்.

காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் அந்த எண்ணைக் குறியுங்கள். பக்கத்திலேயே காற்றா, வெயிலா என்றும் எழுதுங்கள். வெயில் சுள்ளென்று அடித்தும் காற்றில்லாத நாளில் எண் இறங்கினால் ஜாயின்ட்டிலோ கனெக்டரிலோ சூட்டுக்கு விலகல். மேகமூட்டமாக இருந்தும் காற்றுக்கு இறங்கினால் கேபிள் எங்கோ ஆடி மடங்குகிறது.

எனக்கு ஒரு சந்தேகம். தோப்புக்குள் கேபிளை எதில் கட்டியிருக்கிறார்கள்? கண்ணாடி இழை தலைமுடி கனம்தான். பெரிய வளையமாகச் சுற்றினால் ஒன்றும் ஆகாது. கம்பி போட்டு இறுக்கிக் கட்டிய இடத்தில் சிறு மடிப்பு விழுந்தால் வெளிச்சம் பக்கவாட்டில் கசிந்துவிடும். எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒருவரை வெளியே கேபிளை லேசாக ஆட்டச் சொல்லுங்கள். எங்கே ஆட்டும்போது எண் குதிக்கிறதோ அதுதான் இடம். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: கேபிளைக் கழற்றி முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். அந்த வெளிச்சம் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கெடுதல்.

மொட்டை மாடி எழுதியது:

லைன் சரியாகும்வரை வேலை நிற்கக் கூடாது இல்லையா, அதற்கு ஒரு வழி. நான் செங்கோட்டை அருகே இப்படித்தான் ஓட்டுகிறேன். சிம் போடும் 4ஜி ரவுட்டரை வீட்டுக்குள் வைத்தால் பயனில்லை. தென்னை ஓலையும் சுவரும் சிக்னலைத் தின்றுவிடும். ரவுட்டரையே மாடியில், மழை படாத நிழலான இடத்தில் வைத்து, அங்கிருந்து லேன் வயரைக் கீழே இறக்குங்கள். லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து நீள வயரில் கீழே கொண்டுவந்தால் பிடித்த சிக்னலில் பாதி வயரிலேயே போய்விடும்.

வாங்குவதற்கு முன் மாடியில் எல்லா மூலையிலும் நின்று போனில் ஆர்எஸ்ஆர்பி என்ற சிக்னல் பல அளவைப் பாருங்கள். சிம் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும். மைனஸ் 95, 90 என்று 100க்குக் கீழான எண்ணாக வந்தால் ஓட்டலாம், 115 என்றால் பணத்தைப் போடாதீர்கள். இரண்டு மூன்று கம்பெனி சிம்மை அக்கம்பக்கத்தில் கடன் வாங்கிப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

ஊராட்சி எழுதியது:

மேடம், தம்பிக்குப் போன் செய்வதோடு நிற்காமல் கம்பெனி கஸ்டமர் கேரிலும் பதிந்து டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிப்படி புகாருக்குச் சரியான தீர்வு இல்லையென்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. டாக்கெட் நம்பர் இல்லாமல் பேசினால் புகார் கொடுத்ததற்கே சாட்சி இருக்காது.

தோப்புவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒன்பது நாள் குறித்தேன். காலை ஏழு மணிக்கு எப்போதும் மைனஸ் 22.4. வெள்ளிக்கிழமை மதியம் அனல் வெயில், ஓலை அசையவில்லை, அன்றும் 22.6தான். சனிக்கிழமை ஆடிக் காற்று ஊளையிட்டது. 25, 28, 24, அப்புறம் சிவப்பு. ஜாயின்ட் பெட்டி அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது.

நான் மோடத்துக்கு முன்னால் உட்கார்ந்து போனில் எண்ணைச் சொல்ல, சித்தப்பா தோப்பில் நடந்தார். அவர் ஒரு தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் போய்க் கேபிளைத் தொட்டதும் 29. 2018 கஜா புயலில் எங்கள் முன்தோப்பு முழுக்கச் சாய்ந்துவிட்டது. மறு வருஷம் அப்பா நட்ட கன்றுகள்தான் இப்போது அங்கே நிற்கின்றன. மார்கழியில் கேபிள் இழுத்தபோது கையெட்டும் உயரத்தில் இருந்த ஒரு மட்டையின் அடியில் கட்டுக்கம்பியால் இறுக்கியிருக்கிறார்கள். ஏழு மாதத்தில் மேலே புது மட்டைகள் வர, இந்த மட்டை பழுத்துக் கீழே தொங்கிவிட்டது. கேபிளையும் சேர்த்து இழுத்து மடக்கியிருக்கிறது. காற்றுக்கு மட்டை ஆட ஆட மடிப்பு இறுகித் தளர்ந்திருக்கிறது.

குறித்து வைத்த தாளைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அன்று மதியமே, காற்று அடிக்கும் நேரத்தில் வந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறு ஊருக்கு அவர் ஒருவர்தான். மடிந்த இடத்தை வெட்டி ஒட்டி, வரப்போரம் இரண்டு இரும்புக் குழாய் நட்டுக் கேபிளை அதில் ஏற்றினார். இப்போது 21.3. ஐந்து நாளாகக் காற்றிலும் நகரவில்லை. நேற்று டார்கெட் முடித்துவிட்டு நாலரை மணிக்கு அம்மாவை வாசலில் நடக்க வைத்தேன்.

ஐப்பசி மழைக்கு முன் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா அண்ணா?

ஜாயின்ட் பெட்டி எழுதியது:

ரொம்பச் சந்தோஷம் தங்கச்சி. வெட்டி ஒட்டிய இடத்தை டேப் சுற்றி விட்டிருந்தால் மூடிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள், அதில் ஈரம் படக் கூடாது. வீட்டுக்குள் நுழையும் ஓட்டைக்குச் சற்று முன்னால் கேபிள் கீழே தொங்கி மேலே ஏறட்டும், தண்ணீர் வழிந்து உள்ளே வராது. இடி மழைக்கு மோடத்தின் கரண்ட் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மற்ற கன்றுகளில் கட்டியிருக்கிறதா என்றும் ஒரு நடை பாருங்கள்.

தோப்புவீடு எழுதியது:

பார்த்தோம். பக்கத்துத் தோப்பில் மூன்று வீட்டு லைன் மட்டையில்தான் இருந்தது. சித்தப்பாவும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை அவற்றை அவிழ்க்கப் போகிறார்கள்.