புதுப்பிப்பு: கோடைத் துணியும் வீகன் சமையலும்

போன மாதம் இங்கே இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன்: குறைந்த செலவில் கோடைக்கு என்ன துணி வாங்கலாம், வீகன் சமையலை, அதாவது இறைச்சி, முட்டை, பால் என விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் சேர்க்காத சமையலை, எளிதாக எப்படித் தொடங்கலாம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் துணி. பிறர் உடுத்திய துணிகளை விற்கும் கடையில் இரண்டு லினன் (ஆளிச்செடி நாரில் நெய்த துணி) சட்டைகளும் ஒரு பருத்திப் பேன்ட்டும் கிடைத்தன. ஏற்கெனவே பலமுறை துவைத்தவை, அதனால் இனிப் பெரிதாகச் சுருங்காது. வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பார்க்கச் சொன்னீர்களே, அது ரொம்ப உதவியது. பருத்தி போலவே தெரிந்த இன்னொரு சட்டையின் உள் லேபிளில் 60% பாலியெஸ்டர் என்று இருந்தது, வைத்துவிட்டு வந்தேன். வியர்வையை உறிஞ்சாத துணி எவ்வளவு மலிவானாலும் வெயிலுக்கு வேண்டாம். பட்டும் கம்பளியும் விலங்குகளிடமிருந்து வருபவை என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

சமையல் நினைத்ததைவிட எளிது. கொண்டைக்கடலையை இரவில் ஊறவைத்து, காலையில் மொத்தமாக வேகவைத்து, பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். ஒரு நாள் தக்காளியோடு வதக்கல், மறுநாள் எலுமிச்சை பிழிந்து சாலட். வெயில் காலத்தில் அடுப்பருகே நிற்கும் நேரம் குறைவதே பெரிய நிம்மதி.

அப்புறம், வீகன் உணவில் இயல்பாகப் போதுமான அளவு கிடைக்காத வைட்டமின் பி12 பற்றி நினைவூட்டியவருக்குத் தனி நன்றி. மாத்திரை எடுக்கத் தொடங்கிவிட்டேன்.