புது ஹெட்செட் வாங்கியும் படம் வெட்டி வெட்டி வருகிறது, மங்கல் வேறு. அவசரம்

கூடலூரான் (இரவு 11:38)
வணக்கம், கொஞ்சம் அவசரம். கண்ணில் மாட்டிக் கேம் ஆடுகிற பழைய வி.ஆர். ஹெட்செட்டை மாமா பையனுக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்திருக்கிறேன், ரெசல்யூஷன் கூட என்பதற்காகவே எடுத்தது, துபாயிலிருந்து வந்த மச்சான் பெட்டியில் வந்து சேர்ந்தது, அதனால் திருப்பிக் கொடுக்கவும் வழி இல்லை. மாட்டிப் பார்த்தால் பழையதே தேவலை. படம் விட்டுவிட்டு வருகிறது, தூரத்து போர்டு படிக்க முடியவில்லை, பத்தே நிமிஷத்தில் வயிற்றைப் புரட்டுகிறது. கேமில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கண்ணாடி ஓரத்து மரமெல்லாம் தண்ணீருக்குள் தெரிவது மாதிரி நெளிகிறது. எல்லாம் சரியாகத்தான் மாட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பசங்க வருகிறார்கள், அதற்குள் சரி பண்ண வேண்டும். என்ன செட்டிங் வைக்கணும்?

ஏலத்தோட்டம் (11:51)
அண்ணா, எது பழையது, எது புதுசு? ஹெட்செட்டுக்குள்ளேயே ஓடுகிற கேமா, கம்ப்யூட்டரில் மாட்டி ஓட்டுகிறீர்களா? கேபிளா, வைஃபையா? என்ன கேம்?

பழைய பிக்சல் (12:04)
இந்த வாரத்தில் மூன்றாவது ஆள். டாக்டருக்குப் போன் போட்டு "உடம்பு சரியில்லை, என்ன மாத்திரை?" என்று கேட்டுவிட்டு, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் வைத்துவிடுகிற மாதிரி. தம்பி, மேலே தேடுகிற பெட்டி ஒன்று இருக்கிறது, அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தீர்களா? பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மெமரி, கேபிள் நீளம், இவை இல்லாமல் யாரும் பதில் போட வேண்டாம் என்பது என் கருத்து.

செங்கோட்டை சாரல் (12:10)
நான் போடுகிறேன். இது கரண்ட் பிரச்சினை. எங்கள் வீட்டில் சாரல் சமயத்தில் வோல்டேஜ் இறங்கினால் டியூப்லைட்டே கண் சிமிட்டும், அப்போது எந்தக் கேமும் ஓடாது. நீங்கள் தோட்டத்து வீட்டிலா இருக்கிறீர்கள்? மோட்டார் ஓடுகிற லைனிலேயே சார்ஜர் சொருகியிருக்கிறீர்களா? ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்கள்.

லோயர்கேம்ப் (12:17)
சாரல் சார், அவர் கூடலூர். பெரியாறு தண்ணீரில் கரண்ட் எடுக்கிற பவர் ஹவுஸ் அடுத்த ஊரில் இருக்கிறது. அவருக்குப் போய் லோ வோல்டேஜா?

செங்கோட்டை சாரல் (12:19)
பவர் ஹவுஸ் பக்கத்தில் இருந்தால் கரண்ட் நேராக வீட்டுக்குள் வந்துவிடுமா? அது கிரிட்டுக்குப் போய்விட்டுத்தான் வரும். டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை வீடு தொங்குகிறது என்பதுதான் கணக்கு.

பழைய பிக்சல் (12:26)
லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், சார்ஜர் முதுகில் அச்சடித்தே இருக்கும். டியூப்லைட்டையும் லேப்டாப்பையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கூடலூரான் (காலை 7:02)
மன்னிக்கணும், தூங்கிவிட்டேன். குவெஸ்ட் 2 இருந்தது, இப்போது குவெஸ்ட் 3. கம்ப்யூட்டர்தான், கேபிள்தான். லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு 3060. கேம் யூரோ ட்ரக் 2, லாரி ஓட்டுகிறது.

மார்த்தாண்டம் மழை (7:15)
கேபிளைத் தூக்கிப் போடுங்கள் நண்பரே. 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்று வாங்கி, லேப்டாப்பை லேன் வயரில் ரவுட்டரோடு கட்டிவிட்டு, ஹெட்செட்டை மட்டும் வைஃபையில் விடுங்கள். நான் இரண்டு வருஷமாக அப்படித்தான், வயர் கழுத்தைச் சுற்றுகிற வேலையே இல்லை. லேப்டாப்பையும் வைஃபையில் விட்டீர்கள் என்றால் அது இரட்டைப் பயணம், வெட்டத்தான் செய்யும்.

கூடலூரான் (7:21)
ரவுட்டர் கேபிள் டி.வி. அண்ணன் மாட்டிவிட்டுப் போனது. 2.4 மட்டும்தான் வரும். ஞாயிற்றுக்குள் புதுசு முடியாது.

பழைய பிக்சல் (8:40)
இப்போதுதான் நோயாளி வாயைத் திறந்திருக்கிறார். முதலில் கணக்கு. குவெஸ்ட் 2 ஒரு கண்ணுக்கு 1832 × 1920, அதாவது 35 லட்சம் பிக்சல். குவெஸ்ட் 3 ஒரு கண்ணுக்கு 2064 × 2208, 45 லட்சத்துக்கு மேல். சுமார் 30 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். அதன் படம் தெளிவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் பிக்சல் இல்லை, பான்கேக் லென்ஸ். பழையதில் நடுவில் மட்டும் தெளிவு, ஓரத்துக்குப் போனால் கலங்கும். புதியதில் ஓரம் வரை தெளிவு நிற்கும். ஆகவே புதியதில் போர்டு படிக்க முடியவில்லை என்றால் தப்பு ஹெட்செட்டில் இல்லை, உங்கள் பக்கம்.

லேப்டாப் 3060 என்றால் 6 ஜிபி கிராபிக்ஸ் மெமரி. டெஸ்க்டாப் 3060 பெரும்பாலும் 12 ஜிபியில் வரும். பெயர் ஒன்று, சரக்கு வேறு. இதைத் தெரியாமல் வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

லோயர்கேம்ப் (9:05)
பிக்சல் சாரே ரிவர்ப் ஜி2 ஹெட்செட் வைத்துக்கொண்டு, அதை ஓட்டுகிற மிக்ஸ்டு ரியாலிட்டியை விண்டோஸ் 11 24எச்2 அப்டேட்டில் எடுத்துவிட்டார்கள் என்று அப்டேட் பட்டன் பக்கமே போகாமல் உட்கார்ந்திருக்கிறார். கண்டுகொள்ளாதீர்கள் அண்ணே. கேபிள் எத்தனை மீட்டர்? எங்கே வாங்கியது? லேப்டாப்பில் எந்த யூ.எஸ்.பி. ஓட்டையில் சொருகியிருக்கிறீர்கள், கறுப்பா நீலமா?

கூடலூரான் (9:12)
கேபிள் கம்பத்தில் போன் கடையில் வாங்கியது, 5 மீட்டர். சார்ஜ் நன்றாக ஏறுகிறதே. ஓட்டை கறுப்பு. நீலத்தில் மவுஸ் டாங்கிள் இருக்கிறது.

லோயர்கேம்ப் (9:14)
😂😂

லோயர்கேம்ப் (9:20)
சிரித்ததற்கு மன்னிக்கணும் அண்ணே. கறுப்பு பெரும்பாலும் பழைய யூ.எஸ்.பி. 2, நீலம் வேகமான யூ.எஸ்.பி. 3. மவுஸுக்குக் கறுப்பே தாராளம், நீலத்தை ஹெட்செட்டுக்குக் கொடுங்கள். அடுத்தது கேபிள். சார்ஜ் ஏறுவது வேறு, படம் போவது வேறு. சார்ஜ் கேபிள் பலவற்றில் யூ.எஸ்.பி. 2-க்கான கம்பி மட்டும்தான் உள்ளே இருக்கும், தாளில் எழுதிய கணக்குப்படியே 480 மெகாபிட்டுக்கு மேல் தாண்டாது. குவெஸ்டுக்குப் போகிற படம் மானிட்டருக்குப் போவது மாதிரி அப்படியே போவதில்லை, லேப்டாப் அதை வீடியோவாகச் சுருக்கி அனுப்பும், ஹெட்செட் விரித்துக் காட்டும். குழாய் சின்னதாக இருந்தால் அதிகமாகச் சுருக்க வேண்டும். தூரத்து போர்டு, மர இலை, இதுதான் முதலில் குழம்பும். ஹெட்செட்டை லேப்டாப்போடு இணைக்கிற லிங்க் ஆப்பில் யூ.எஸ்.பி. டெஸ்ட் என்று இருக்கும், அதை ஓட்டி வருகிற எண்ணைச் சொல்லுங்கள். 5 மீட்டர் நீளத்துக்கு யூ.எஸ்.பி. 3 வேகம் வேண்டுமென்றால் சாதாரணச் செம்புக் கம்பி தடுமாறும், உள்ளே சிப் வைத்ததோ ஃபைபரோ வேண்டும். நம்மிடம் 3 மீட்டர் நல்லது ஒன்று சும்மா கிடக்கிறது, வேண்டுமென்றால் சாயந்தரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாருங்கள்.

மார்த்தாண்டம் மழை (9:31)
அதற்குத்தான் வைஃபை என்றேன்.

ஏலத்தோட்டம் (9:48)
கேபிள் படம் மங்கலாவதற்குக் காரணமாக இருக்கலாம், ஆனால் மரம் நெளிவதற்கு அது காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அது ஏ.எஸ்.டபிள்யூ., குறைகிற படத்தை ஊகித்து நிரப்புகிற வசதி. எனக்கும் வந்தது. நொடிக்கு 72 படம் என்றால் ஒரு படத்தை 13.9 மில்லிசெகண்டுக்குள் வரைந்தாக வேண்டும். முடியவில்லை என்றால் சாஃப்ட்வேர் 36-க்கு இறக்கிவிட்டு, நடுவில் ஒரு படத்தைத் தானே ஊகித்துச் செருகும். நேராகப் போகும்போது தெரியாது. வளைவில் திரும்பும்போது டிரைவர் பக்கக் கண்ணாடித் தூணுக்குப் பின்னால் மரம் ஓடுகிறதே, அங்கே ஊகம் தப்பிப் போகும், தூணே ஜெல்லி மாதிரி ஆடும். அப்படித்தானே அண்ணா?

கூடலூரான் (9:50)
அதேதான்மா. ஜெல்லி.

செங்கோட்டை சாரல் (10:02)
லோ வோல்டேஜில் சார்ஜர் முழு வாட் கொடுக்காவிட்டால் லேப்டாப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனாலும் 36-க்கு இறங்கும். சும்மா சொல்லி வைக்கிறேன்.

கூடலூரான் (10:20)
வாந்தி வராமல் இருக்க ஏதாவது இருக்கிறதா? இப்போது மறுபடி ஓட்டிப் பார்த்தேன், தலை சுற்றுகிறது.

லோயர்கேம்ப் (10:24)
குமுளி மலை ஏறுகிற பஸ்ஸில் செய்வதுதான். எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்து பாருங்கள்.

ஏலத்தோட்டம் (10:37)
எலுமிச்சை எல்லாம் சும்மா. நான் வாரத்துக்கு ஐந்து நாள் ஜீப்பில் போடிமெட்டு ஏறி இறங்குகிறவள், 17 கொண்டை ஊசி வளைவு, பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்தால்தான் எனக்குப் புரட்டும். அங்கே உடம்பு ஆடுகிறது, கண் போனில் நிற்கிறது. ஹெட்செட்டில் நேர்மாறு: கண்ணுக்கு வண்டி ஓடுகிறது, உடம்பு நாற்காலியில் சும்மா கிடக்கிறது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, சண்டை வயிற்றில் முடிகிறது. எலுமிச்சை இதில் யாருக்குப் பஞ்சாயத்து பண்ணும்?

மார்த்தாண்டம் மழை (10:45)
இஞ்சி மிட்டாய். எங்கள் பக்கம் போட்டில் போகிறவர்கள் அதுதான்.

லோயர்கேம்ப் (10:49)
எங்கள் ஆச்சி காலத்திலிருந்து எலுமிச்சைதான். கண்டக்டரே வைத்திருப்பார்.

ஏலத்தோட்டம் (10:53)
கண்டக்டர் கையில் இருப்பது கவர் அண்ணா. எலுமிச்சை வேலை செய்தால் கவர் எதற்கு?

கொழிஞ்சாம்பாறை (11:10)
ஓட்டுகிறவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை என்று யோசித்தீர்களா? அடுத்த வளைவு எப்போது என்று அவர் கைக்கே தெரியும். அதனால் கீபோர்டில் ஓட்டாமல் ஸ்டியரிங் வீல் வைத்து ஓட்டினால் ஓரளவு குறையலாம். முகத்துக்கு நேராக ஒரு டேபிள் ஃபேனும் வையுங்கள். ஆனால் படம் வெட்டுகிற வரைக்கும் இஞ்சி, எலுமிச்சை, ஃபேன் எதுவும் செல்லாது. அதை முதலில் பார்ப்போம்.

கூடலூரான் அவர்களே, ஒரு கேள்வி. குவெஸ்ட் 2 காலத்தில் படம் தெளிவாக வர வேண்டும் என்று எங்கேயாவது ரெசல்யூஷனை ஏற்றி வைத்தீர்களா?

கூடலூரான் (11:26)
ஆமா. ஒரு வீடியோ பார்த்து, ஹெட்செட்டில் கேமை ஓட்டுகிற ஸ்டீம் வி.ஆர். சாஃப்ட்வேரில் ரெசல்யூஷனை 150 வைத்தேன். கேமின் கான்ஃபிக் ஃபைலிலும் ஸ்டீரியோ பஃபர் ஸ்கேல் என்று ஒரு வரி, அதை 1.5 ஆக்கினேன். அது பழைய ஹெட்செட்டுக்குத்தானே?

பழைய பிக்சல் (11:29)
இதை நேற்று இரவு 11:38-க்கே சொல்லியிருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை (11:44)
அது ஹெட்செட்டோடு போகவில்லை, லேப்டாப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீம் வி.ஆரில் அந்த 150 என்பது சதவீதம். ஹெட்செட் மாறினால் அடிப்படை எண் மாறும், சதவீதம் மாறாது. அதற்கு மேல் கேம் தன் 1.5-ஐப் பெருக்கும். இரண்டும் கூட்டல் இல்லை, பெருக்கல். பழைய ஹெட்செட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கும், புதியதில் 30 சதவீதம் ஏறியதும் 6 ஜிபி நிரம்பி வழிந்திருக்கும். வழிந்ததை லேப்டாப் சாதாரண ரேமில் கொண்டுபோய் வைக்கும், அங்கிருந்து எடுத்து வர நேரமாகும், அந்த நேரம்தான் உங்களுக்கு வெட்டு. கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் மெமரியைப் பாருங்கள், 5.8-ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் இதேதான்.

ஸ்டீம் வி.ஆர். 100, கேம் 1.0, 72 ஹெர்ட்ஸ். அப்புறம் லாரியின் பக்கக் கண்ணாடிகளின் தரத்தைக் குறையுங்கள், ஒவ்வொரு கண்ணாடிக்கும் பின்பக்க ரோட்டைத் தனியாக ஒருமுறை வரைய வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம்.

பழைய பிக்சல் (12:15)
சேட்டன் சொன்னது சரி. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

லோயர்கேம்ப் (12:16)
வந்தீர்கள், வந்து சேரவில்லை.

கொழிஞ்சாம்பாறை (12:20)
சேட்டன் இல்லை, அண்ணன் போதும். ஊர் பாலக்காடு மாவட்டம், வீட்டில் தமிழ்தான்.

கூடலூரான் (ஞாயிறு, இரவு 9:47)
சரியாகிவிட்டது. போர்டு படிக்க முடிகிறது, மரம் நெளியவில்லை. பசங்க விடவே மாட்டேன் என்கிறார்கள். அனைவருக்கும் நன்றி.

கொழிஞ்சாம்பாறை (9:52)
நல்லது. எதை மாற்றியதும் சரியானது?

கூடலூரான் (10:03)
எல்லாத்தையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன். லோயர்கேம்ப் தம்பி கேபிள், நீல ஓட்டை, 100, 1.0, கண்ணாடி. ஃபேனும் வைத்தேன். நேரம் இல்லை.

பழைய பிக்சல் (10:05)
கடவுளே.

லோயர்கேம்ப் (10:11)
கேபிள் அடுத்த வாரம் திரும்ப வேண்டும் அண்ணே.

செங்கோட்டை சாரல் (10:30)
மோட்டார் அப்போது ஓடிக்கொண்டிருந்ததா, ஆஃபில் இருந்ததா?